அர்மிராவிலிருந்து கலாத்தோவுக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர்

நோயாளர் பயண நிதியத்துக்கு நான் தரவேண்டிய தொகை ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு யூரோ நாற்பது சென்ட். நாற்பது சென்ட், அதைக் கேட்டு எழுதிய கடிதத்தைப் படி எடுத்த செலவு. மீதியெல்லாம் என் மனைவி செவஸ்தி அறுபத்தாறு தடவை கலாத்தோ தீவுக்குப் பறந்துபோய், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, அறுபத்தாறு தடவையும் உயிரோடு திரும்பி வந்த செலவு. போகவர ஒரு தடவைக்கு இருபத்தொரு யூரோ. பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நிதியத்தில் கணக்குத் தவறே வராது.

எங்கள் அர்மிராவில் இருநூறு குடும்பம், ஒரு ஜிப்சம் குவாரி, வருஷத்துக்கு ஒருத்தர் மாறும் டாக்டர். சிறுநீரகம் கெட்டவர்களுக்கான மெஷின் கலாத்தோவில் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி அங்கே போய் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கப்பல் வாரத்துக்கு இரண்டு, அதுவும் காற்று சம்மதித்தால். விமானம் ஏழு நிமிஷம். அதனால் விமானத்தில் போனாள். டிக்கெட்டுக் காசை நிதியம் ஐந்து மாசம் திருப்பித் தந்தது. ஆறாவது மாசம், தந்ததையெல்லாம் திருப்பிக் கேட்டது.

நான் எழுத்துக் கூட்டப் படித்தது நாற்பத்தைந்து வயதுக்கு மேல், குவாரிச் சங்கத்தின் மாலை வகுப்பில். ஆகவே எந்தக் கடிதம் வந்தாலும் நாலு தடவை படிப்பேன். மூன்று தடவை எனக்காக. ஒரு தடவை செவஸ்திக்காக, சத்தமாக.

‘புதிய அட்டவணைப்படி அர்மிரா விமான நிலையத்துக்கும் கலாத்தோ விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம் இருபத்துமூன்று கிலோமீட்டர். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணம், ஊர் எல்லைக்குள் நிகழும் நடமாட்டமாகக் கருதப்படும். நடமாட்டத்துக்கு விமானக் கட்டணம் இல்லை. நோயாளி நகரப் பேருந்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அறுபது நாளுக்குள் தொகையைத் திருப்பிச் செலுத்தாவிட்டால் பயண உரிமை ரத்தாகும்.’

செவஸ்தி எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அனுமதி. தாகத்தை அப்படித்தான் ஏமாற்றுவாள்.

“நகரப் பேருந்தா? எந்த ஸ்டாப்புல நின்னா வரும்னு கேட்டுச் சொல்லுய்யா. அறுபத்தாறு தடவையும் தப்பான ஸ்டாப்புல நின்னுட்டேன் போல.”

மறுநாள் நிதியத்தின் கிளைக்குப் போனேன். கிளை என்றால் துறைமுகத்தில் தபாலாபீசுக்குப் பின்னால் ஓர் அறை. அதில் எவ்தோகியா உட்கார்ந்திருந்தாள். என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். அவள் வீட்டுக் குளியலறைக்கு ஓடு பதித்தது நான்தான்.

“உக்காருங்க மினாஸ் மாமா. அத்தை எப்படி இருக்காங்க?”

“நடமாடிக்கிட்டு இருக்கா. அதுதான் இப்ப பிரச்னைன்னு எழுதியிருக்கீங்க.”

அவள் சிரிக்கவில்லை. ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணிவரை அவள் சிரிப்பதில்லை.

“நான் எழுதல மாமா, அட்டவணை எழுதுது.”

“எம்மா, நடுவுல கடல் இருக்கு.”

“இருக்கு. நானும் தினம் பாக்குறேனே.” ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். கடல் அங்கேதான் இருந்தது. “ஆனா படிவத்துல கடலுக்குக் கட்டம் கிடையாது. மலைக்கு இருக்கு. ஆத்து வெள்ளத்துக்கு இருக்கு. பனிச்சரிவுக்குக்கூட இருக்கு, பாருங்க.”

“அப்ப பனிச்சரிவுன்னு போட்டுறேன்.”

“பொய் எழுதச் சொல்றீங்களா?” என்று கேட்கும்போதே எவ்தோகியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவளே மனமிரங்கி ஒரு வழி சொன்னாள். இரண்டு நிலையங்களுக்கும் இடையே பேருந்து ஓடவில்லை என்று பேருந்து நடத்துபவரிடம் சான்று வாங்கிவந்தால், மேலே அனுப்பலாமாம்.

அர்மிராவில் பேருந்து நடத்துபவர் ஃபொத்திஸ். பேருந்தும் ஒன்று, ஃபொத்திஸும் ஒன்று. விஷயத்தைச் சொன்னதும் என் வாயை மோந்து பார்த்தான்.

“காலையிலேயே ஊத்திட்டியா? என் வண்டி கடல்ல ஓடாதுன்னு நான் கைப்பட எழுதித் தரணுமா?”

“முத்திரையோட.”

“முத்திரையோட வேறயா!” என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஆனால் நல்ல மனுஷன், எழுதிக் கொடுத்தான். ‘எனது பேருந்து தரையில் மட்டுமே ஓடும். 1998ஆம் ஆண்டு ஒருமுறை துறைமுகத்தில் கடலுக்குள் விழுந்தது. அப்போதும் அது கலாத்தோவைச் சென்றடையவில்லை.’

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சான்று பெறப்பட்டது. 1998ஆம் ஆண்டின் முயற்சி ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு விளக்கம் தேவை.

ஃபொத்திஸ் அதற்கும் விளக்கம் எழுதினான். அதில் இருந்த வார்த்தைகளை எவ்தோகியா மேலே அனுப்ப மறுத்துவிட்டாள்.

இதற்குள் இருபது நாள் ஓடிவிட்டது. டிக்கெட்டுக்கு இப்போது நானே கொடுத்துக்கொண்டிருந்தேன், வாரத்துக்கு அறுபத்துமூன்று யூரோ. குவாரிப் பென்ஷன் நானூற்று எண்பது. யாராவது சுவர் கட்டக் கூப்பிட்டால் போனேன். அறுபத்தேழு வயதில் கல்லின் எடை கொஞ்சம் கூடித்தான் விடுகிறது.

எவ்தோகியா அடுத்து ஒரு படிவத்தை எடுத்தாள். தூர மறுப்பு மனு. அட்டவணை சொல்லும் தூரம் தவறு என்று நான் மறுக்கலாம். அதற்கு விமான நிலைய அதிகாரியின் சான்று வேண்டும்.

எங்கள் நிலையத்தின் அதிகாரி திரு. அகாபிதோஸ். தோளில் நாலு கோடு போட்ட சட்டை. அவருக்குக் கீழே ஒன்பது பேர். ஒரு நாளைக்கு ஒரு விமானம், பத்தொன்பது இருக்கை. காலை எட்டு பத்துக்குக் கலாத்தோவுக்குப் போகும், மத்தியானம் திரும்பி வரும். வேறெங்கும் போகாது. ஏழு நிமிஷப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து நிற்க வேண்டும். செவஸ்தியின் பையை வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் விட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு போர்வையும் ஓர் அவித்த முட்டையும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் முட்டையைத் தனியாக எடுத்து, இது என்ன என்று கேட்பார்கள். கேட்கிறவள் அவளுடைய சித்தி மகள்.

“சின்ன நிலையம்னு நெனைக்காதீங்க மேஸ்திரி,” என்றார் அகாபிதோஸ். “ஏதென்ஸ்ல என்னென்ன விதி இருக்கோ அத்தனையும் இங்க இருக்கு. ஒண்ணு குறையாது. அங்க ஒரு நாளைக்கு அறுநூறு விமானம். இங்க ஒண்ணு. ஆக, அங்க ஒரு விமானத்துக்குக் கெடைக்கிற விதியைவிட இங்க அறுநூறு மடங்கு அதிகமா கெடைக்குது. அந்தக் கணக்குல பாத்தா நாங்கதான் பெரிய நிலையம்.”

“கலாத்தோ எவ்வளவு தூரம்னு மட்டும் எழுதிக் குடுங்கய்யா.”

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “தூரம் ஆகாயத்துல ஆரம்பிக்குது மேஸ்திரி. என் அதிகாரம் வேலியோட முடியுது. வேலி வரைக்கும் வேணும்னா எழுதித் தரேன்.”

எழுதியும் தந்தார். கட்டடத்திலிருந்து கடற்பக்க வேலி வரை ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர். அது எனக்கே தெரியும். ஓடுபாதை போட்டபோது அந்த ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டருக்கும் கல் சுமந்தவர்களில் நானும் ஒருத்தன். இருந்தாலும் மனுவோடு சேர்த்து அனுப்பினேன். வெறுங்கையாக அனுப்புவதற்குப் பதில் ஏதோ ஒன்று.

மனு வேலை செய்தது. தூரத்தை நேரில் அளக்க மூன்று பேர் கொண்ட குழு வருவதாகக் கடிதம் வந்தது. செவஸ்திக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

“மூணு பேர் வராங்களா? ஒருத்தர் இந்த முனையப் பிடிப்பாரு, ஒருத்தர் அந்த முனையப் பிடிப்பாரு. மூணாவது ஆளு எதுக்கு?”

“கயிறு நனையாம தூக்கிப் பிடிக்க.”

அன்றைக்கு இரண்டு பேரும் ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தோம்.

குழு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. ஏதென்ஸிலிருந்து இரண்டு விமானம் மாறி, வழியில் ஒரு நாள் ஓட்டலில் தங்கி வந்திருந்தார்கள். தலைவர் திரு. வம்வாகாஸ், நிதியத்தின் தூரப் பிரிவுத் துணை இயக்குநர். பருத்த, மென்மையான மனிதர். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு விடாமல் வைத்துக்கொண்டே பேசினார்.

“மேஸ்திரி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஜனங்க என்ன நெனைக்கிறாங்க, தூரம்ங்கிறது ரெண்டு ஊருக்கு நடுவுல சும்மா கெடக்குதுன்னு. அப்படி இல்ல. தூரம் ஒரு முடிவு. அந்த முடிவ யாராவது எடுத்தாகணும். நாங்க எடுக்கிறோம். இல்லேன்னா நாடே தாங்காது. யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொருத்தனும் தான் இருக்கிற எடம் தூரமா இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சா, பக்கத்துல இருக்கிறது யாரு?”

கையை மெதுவாக உருவிக்கொண்டேன்.

மறுநாள் செவ்வாய். செவஸ்திக்கு மெஷின் நாள். கலாத்தோவில் ஒரு கல்யாணம் வேறு, பத்தொன்பது இருக்கையும் விற்றுப்போயிருந்தன. குழுவுக்கு மூன்று இருக்கை, மனுதாரனான எனக்கு ஒன்று. ஆகமொத்தம் நாலு பேரை இறக்க வேண்டும். அகாபிதோஸ் விதிப் புத்தகத்தைத் திறந்தார். முதலில் அரசுப் பணி. பிறகு நீதிமன்ற அழைப்பு. பிறகு விளையாட்டு வீரர்கள். கடைசியில், சொந்த வேலையாகச் செல்வோர். கல்யாணத்துக்குப் போகிற மூன்று பேர் முணுமுணுத்தபடி இறங்கிக்கொண்டார்கள். நாலாவது பெயராக அவர் செவஸ்தியின் பெயரை வாசித்தார்.

“அய்யா, அவ நோயாளி,” என்றேன்.

“தெரியும் மேஸ்திரி. ஆனா நோய் அவங்க சொந்த நோய்தானே? தவிர, இவங்க வாரத்துக்கு மூணு தடவை பறக்கிறவங்க. ஒரு தடவை போகலேன்னா சராசரி பெருசா குறைஞ்சிடாது. கல்யாணம் அப்படியில்ல பாருங்க, ஒரு தடவைதான்.”

“அப்ப நான் எறங்கிக்கிறேன். அவ போகட்டும்.”

வம்வாகாஸ் என் தோளைத் தொட்டார். “மனுதாரர் முன்னிலையில அளக்கலேன்னா அளவு செல்லாது. அளவு செல்லலேன்னா மனு தள்ளுபடி. மனு தள்ளுபடின்னா கடன் உறுதி, பயண உரிமை ரத்து. நோயாளி இந்த மனுவுல சம்பந்தப்பட்டவங்க இல்லையே. அவங்க இல்லாமலே நாம நல்லா நடத்தலாம்.”

செவஸ்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. கணுக்கால் ஏற்கனவே செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தது.

“போய் ஏறுய்யா,” என்றாள். “இன்னிக்கு நீ ஏறலேன்னா நிதியத்துக் காசு இனிமே வராது, அப்புறம் நான் எந்த நாளும் ஏற முடியாது. வியாழக்கிழமை வரைக்கும் தாங்கிக்குவேன். தண்ணி குடிக்காம இருக்கிறது ஒண்ணும் புதுசில்ல.”

“செவஸ்தி...”

“போங்கிறேன்ல. அந்த முட்டைய எடுத்துட்டுப் போ. உள்ள விட்டுட்டாங்க, வீணாக்க வேணாம்.”

ஏறினேன். அவளுடைய இருக்கை, ஏழாம் எண். வம்வாகாஸ் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பேர் கையிலும் மூன்று நிறுத்துக் கடிகாரம். பறப்பு எப்போது ஆரம்பிக்கிறது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஒருத்தர் கதவு சாத்தியதும் அழுத்தினார். இன்னொருத்தர் சக்கரம் உருண்டதும் அழுத்தினார். வம்வாகாஸ், சக்கரம் தரையை விடும் கணத்துக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

பணிப்பெண் முன்னால் நின்று, தண்ணீரில் இறங்க நேர்ந்தால் எந்தக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

“கேட்டீங்களா அய்யா? தண்ணியில எறங்குனாங்கிறாங்க. அப்ப நடுவுல கடல் இருக்குன்னுதானே அர்த்தம்?”

“தண்ணின்னு சொன்னாங்க,” என்றார் வம்வாகாஸ் கண்ணைத் திறக்காமல். “கடல்னு சொல்லல.”

பிறகு நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

இரண்டு தீவுக்கும் நடுவே, கொஞ்சம் வடக்கே தள்ளி, ஒரு பாறைத் திட்டில் புனித நிக்கோலாவின் கோயில் இருக்கிறது. ஆறு பேர் நிற்கலாம். முப்பது வருஷத்துக்கு முன்னால், இந்தத் தடத்தில் முதன்முதலாக ஓட்டிய கேப்டனுக்கு நடுவானில் ஓர் இன்ஜின் நின்றுபோனது. பத்திரமாக இறங்கினால் ஒவ்வொரு பயணத்திலும் கோயிலை ஒரு சுற்று வருவேன் என்று நேர்ந்துகொண்டார், இறங்கினார், சுற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் சுற்றினார்கள். யாரும் எழுதிவைக்கவில்லை. சாவியைக் கைமாற்றும்போது சுற்றையும் கைமாற்றினார்கள். விமானம் இடப்பக்கம் சாயும், பயணிகள் எல்லோரும் மூன்று தடவை சிலுவை போடுவோம், பணிப்பெண் மிட்டாய்த் தட்டை நீட்டுவாள். சுற்றாத விமானத்தில் எங்கள் ஊரில் யாரும் ஏறமாட்டார்கள்.

அன்றைக்கும் கேப்டன் ஆர்கிரிஸ் விமானத்தைச் சாய்த்தார். எல்லோரும் சிலுவை போட்டோம். வம்வாகாஸும் போட்டார், பக்தியோடு, மூன்று தடவை. அப்போது என் மண்டையில் ஒரு வெளிச்சம் அடித்தது. கையில் முட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“அய்யா, பாருங்க! நேரா போறதில்ல! இப்படி வளைஞ்சுதான் போறோம். இந்தச் சுத்தையும் சேத்தா இருபத்தைஞ்சுக்கு மேல வந்துருமே!”

“எல்லாத் தடவையும் இப்படித்தானா?” என்று கேட்டார் வம்வாகாஸ், ரொம்ப அன்பாக.

“ஒரு தடவைகூடத் தவறினதில்ல. முப்பது வருஷமா. வெயிலானாலும் காத்தானாலும்.”

“இதுக்கு அனுமதி?”

“புனித நிக்கோலாவோட அனுமதிதான்.”

பின்னாலிருந்த குவாரி ஆள் ஒருத்தன் என் முதுகில் முழங்காலால் இடித்தான். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். வம்வாகாஸ் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நோட்டில் எழுதினார். ஏழு நிமிஷம் நாற்பது நொடி. இருபத்தேழு கிலோமீட்டர்.

இருபத்தேழு! இறங்கியதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தபோது செவஸ்தி அதே பெஞ்சில் இருந்தாள். வீட்டுக்கு ஏற்றத்தில் நடக்க முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டாளாம். ஜெயித்துவிட்டோம் என்றேன். “நல்லது, கையைக் குடு, எந்திரிக்கணும்,” என்றாள். வியாழக்கிழமை மெஷினில் படுக்கவைக்கும்போது அவள் எடை ஐந்தரைக் கிலோ கூடியிருந்தது. எல்லாம் தண்ணீர். கலாத்தோ நர்ஸ் என்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டினாள். அவள் திட்டியதில் பாதி புரியவில்லை. அவள் அழுதுகொண்டே திட்டினாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. நாலு தடவை படித்தேன். அப்புறம் இன்னொரு தடவையும் படித்தேன்.

‘குழு நேரில் அளந்ததில் மொத்தத் தூரம் இருபத்தேழு கிலோமீட்டர் என்பது உறுதியாகிறது. இதில் பயணத் தூரம் இருபத்துமூன்று. எஞ்சிய நான்கு கிலோமீட்டர் வழிபாட்டுத் தூரம். வழிபாட்டுத் தூரத்துக்கு இந்நிதியம் பொறுப்பல்ல. மனுதாரர் சமய விவகாரத் துறையை அணுகலாம். மேலும், நோயாளி போகவர நூற்று முப்பத்திரண்டு முறை, முறைக்கு நான்கு கிலோமீட்டர், இந்நிதியத்தின் செலவில் புனித யாத்திரை மேற்கொண்டது மனுதாரரின் சொந்த வாக்குமூலத்தால் தெரியவருகிறது. கிலோமீட்டருக்கு ஒரு யூரோ வீதம் ஐந்நூற்று இருபத்தெட்டு யூரோ சேர்க்கப்படுகிறது.’

இப்போது என் கடன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு யூரோ நாற்பது சென்ட்.

செவஸ்தி எலுமிச்சைத் துண்டை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு, “நூத்தி முப்பத்திரண்டு யாத்திரையா?” என்றாள். “ஜெருசலேம் போய்வந்த எங்க அண்ணிகூட ஒரு தடவைதான் போனா. இனிமே என்னைப் பேரச் சொல்லிக் கூப்பிடாதய்யா, புண்ணியவதின்னு கூப்பிடு.”

அதோடு நின்றிருந்தால் கட்டியிருப்பேன், மாசாமாசம் கொஞ்சமாக. ஆனால் வம்வாகாஸ் கடமை தவறாதவர். கோயில் சுற்றைப் பற்றி விமானத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். அடுத்த சனிக்கிழமை, விமானத்தின் படிக்கட்டுக்குக் கீழே கேப்டன் ஆர்கிரிஸ் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். பதினொரு வருஷமாக இந்தத் தடத்தில் ஓட்டியவர்.

“மேஸ்திரி, மிட்டாய் எப்படி இருந்துச்சு?”

“கேப்டன், நான்...”

“நல்ல மிட்டாய்தானே? அத வாயில போட்டு மூடிட்டு இருந்திருக்கலாம்ல?” அவர் சிரிக்கத்தான் முயற்சி செய்தார். “திங்கட்கிழமையிலேருந்து ஏதென்ஸ்ல மேசை ஓட்டப்போறேன். உயரம் எழுபது சென்டிமீட்டர். அதுல சுத்தினா யாரும் கேக்கமாட்டாங்க.”

“நான் தூரத்துக்காகத்தான் சொன்னேன் கேப்டன். அவளுக்காக.”

“தெரியும்யா. அதனாலதான் உன்ன அடிக்கல.” செவஸ்தியின் முழங்கையைப் பிடித்து அவரே படியேற்றிவிட்டார். அன்றைக்குக் கோயிலை இரண்டு சுற்று சுற்றினாராம்.

புதுக் கேப்டன் நேராக ஓட்டினார். ஆறு நிமிஷம் பத்து நொடி. சாயாத விமானத்தில் எப்போது சிலுவை போடுவது என்று தெரியாமல் ஜனங்கள் தடுமாறினார்கள். சிலர் வழி முழுக்கப் போட்டார்கள். காபிக் கடையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நான் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஃபொத்திஸ் மட்டும் வந்து, “கவலைப்படாத, என் வண்டிய நீச்சல் பழக்கிக்கிட்டு இருக்கேன்” என்றான்.

அதற்குள் இன்னொரு விதி விழித்துக்கொண்டது. எங்கள் தடம் அரசு மானியத்தில் ஓடுவது. மானியம் பறப்புக்கு மட்டும்தான். ஏழு நிமிஷத்துக்குக் குறைந்தால் அது பறப்பு ஆகாதாம், தாவல். தாவலுக்கு மானியம் கிடையாது. முப்பது வருஷமாக அந்த ஒன்றரை நிமிஷக் கோயில் சுற்றுதான் எங்களைத் தாவலிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. நானும் தெரிந்தா சொன்னேன்?

மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து விமானம் ரத்து. திரு. அகாபிதோஸ் ஊர் மக்களை நிலையத்துக்கு அழைத்துப் பேசினார். கோடு போட்ட சட்டையைப் புதிதாக இஸ்திரி போட்டிருந்தார்.

“வதந்திகள நம்பாதீங்க. நிலையம் மூடப்படாது. ஒன்பது பேருக்கும் வேலை இருக்கு. தீயணைப்பு வண்டி தயாரா நிக்கும். ஓடுபாதை விளக்கு நேரத்துக்கு எரியும். விமானம் மட்டும்தான் வராது. மனசுவிட்டுச் சொல்றேன், இத்தனை வருஷமா அந்த விமானத்தாலதான் எங்களுக்குத் தொந்தரவு. தாமதம், காத்து, பெட்டி மாறிப்போச்சுங்கிற புகார். இனி இந்த நிலையத்துல ஒரு விதிகூட மீறப்படாது.”

அவருடைய ஆட்கள் ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

நான் எவ்தோகியாவிடம் ஓடினேன். மணி இரண்டரை. ஆகவே அவளால் அழ முடிந்தது.

“கப்பல்ல போகலாமா மாமா?”

“வாரத்துக்கு ரெண்டு தடவைம்மா. அவளுக்கு மூணு தடவை வேணும். வடகாத்து அடிச்சா அதுவும் இல்ல.”

“ரெண்டு தடவை போதும்னு டாக்டர் எழுதித் தந்தா...”

“டாக்டர் எழுதினாப் போதுமா? அவ ரத்தமும் அதப் படிக்கணுமே.”

பிப்ரவரி கடைசி சனிக்கிழமை, ஒருவழி டிக்கெட் இரண்டு வாங்கினேன். வீட்டைப் பூட்டினோம். கோழிகளை ஃபொத்திஸுக்குக் கொடுத்தோம். எலுமிச்சை மரத்தை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. நிலையத்தில் செவஸ்தியின் சித்தி மகள் பையை மெஷினில் விட்டாள், முட்டையை எடுத்தாள், இது என்ன என்று கேட்கவந்து, கேட்காமல் திரும்ப வைத்தாள்.

கலாத்தோவில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை, வாடகை இருநூற்றிருபது. ஆஸ்பத்திரிச் சலவைக்காரம்மாவின் வீடு. மெஷின் இருக்கும் இடத்துக்கு நடந்தே போய்விடலாம், நூற்றெண்பது அடி. ஒரு கட்டடக்காரன் என்னைச் சிமெண்டு கலக்க எடுத்துக்கொண்டான், அரைக் கூலிக்கு. வயதைப் பார்த்து அவன் பேசிய கூலி அது. நான் மறுக்கவில்லை.

ஏப்ரல் நடுவில், அர்மிரா முகவரிக்குப் போய், ஏதென்ஸ் வரை திரும்பி, கப்பலில் வந்து, ஒரு கடிதம் என்னைக் கண்டுபிடித்தது. வியாழக்கிழமை. செவஸ்தி மெஷினில் படுத்திருந்தாள். கையிலிருந்து ஒரு குழாய் போயிற்று, இன்னொரு குழாய் வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூன்று தடவை எனக்குள் படித்தேன். நாலாவது தடவை சத்தமாக.

‘மேற்படி இரு நிலையங்களுக்கும் இடையே விமானம் இயங்காமையால், அட்டவணையிலிருந்து அத்தடம் நீக்கப்பட்டது. அட்டவணையில் இல்லாத தடத்துக்குத் தூரம் இல்லை. தூரம் இல்லாத இடத்தில் மிகையாகப் பெற்ற பயணப்படியும் இருக்க இயலாது. எனவே தங்கள் பெயரிலுள்ள ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு யூரோ நாற்பது சென்ட் முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது. இச்செய்தி தங்களுக்கு மகிழ்ச்சியளிக்கும் என நம்புகிறோம்.’

கீழே வம்வாகாஸின் கையெழுத்து. பெற்றுக்கொண்டதற்கு நானும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நர்ஸிடம் பேனா வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன்.

“இப்ப நம்ம ஊருக்கும் இந்த ஊருக்கும் தூரமே இல்லேங்கிறாங்களா?” என்று கேட்டாள் செவஸ்தி.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“நாம யாருக்கும் ஒண்ணும் தரவேண்டாம்?”

“ஒண்ணும் வேண்டாம். எல்லாம் தீந்துபோச்சு.”

அவள் குழாய் இல்லாத கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மெஷின் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“சரி, அவங்க நமக்கு?”

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.